சொல் சுற்றிய ஆறு காம்பரா

நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள். ஆனாலும் மேட்ரிக்ஸ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பேராதனைக் கேம்பஸில் கணக்குப் படித்த என் தம்பி, லீவுக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, லயத்துக்கு, வந்தபோது சொன்னான்.

அப்போது நானும் பக்கத்துக் காம்பராக்காரியும் பேச்சை விட்டிருந்தோம். தன் பிள்ளையோடு சேர்த்து என் பிள்ளைக்கும் சோறூட்டியவள். ஒரு நாள் பனிமூட்டத்தில் நிரை மாறி, என் செடிகளில் கொழுந்தெடுத்துவிட்டாள். "அவளுக்குக் கண்ணு தெரியலையா?" என்று கடைசிக் காம்பராக்காரியிடம் கேட்டேன். அவ்வளவுதான். அது லயத்தைச் சுற்றி அவள் காதுக்குப் போனபோது "கொழுந்துக் கள்ளி" என்று ஆகியிருந்தது. அவள் பதில் எனக்கு வந்தபோது என் வம்சமே அதில் இருந்தது. அவள் குரல் கேட்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தம்பி கரித்துண்டால் தரையில் ஆறுக்கு ஆறு கட்டம் போட்டான். லயத்தில் ஆறு காம்பரா, அறைக்கு ஒரு குடும்பம். யார் யாருக்குச் சொல்கிறாரோ அந்தக் கட்டத்தில், சொல் எத்தனை மடங்கு ஊதுகிறதோ அந்த எண், சொல்லாவிட்டால் முட்டை. இதுதான் மேட்ரிக்ஸாம்.

"பாருக்கா, பூரா முட்டைதான். நாலே கட்டத்துலதான் எண் இருக்கு. நீ கடைசிக் காம்பராவுக்குச் சொல்ற, அவங்க பக்கத்து வீட்டுக்கு, அவங்க மொதக் காம்பராவுக்கு, அவங்க திரும்ப ஒனக்கு. ஒவ்வொரு வாய் மாறும்போதும் சண்டை சராசரியா எத்தனை மடங்காகுதுன்னு பாக்கணும். ஒண்ணுக்கு மேலன்னா பெருகிக்கிட்டே போகும். கீழன்னா தானா அடங்கிரும்."

அந்த மடங்கைச் சொல்லும் எண்ணுக்கு ஐகன் பெறுமதி என்று பெயராம்.

"அப்ப அவளுக வாயை அடைக்கணும்."

"நாலுல ஒண்ணு முட்டையானா போதும். சுத்தே இருக்காது." விரலால் என் எண்ணை அழித்தான்.

"நான் ஏன்டா? தப்புப் பண்ணினது அவ!"

"மத்த மூணும் ஒன் கையிலயா இருக்கு?"

படித்த திமிர் என்று திட்டினேன். திட்டிக்கொண்டே அவனுக்கு இன்னொரு தேத்தண்ணி ஊற்றினேன்.

மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது முதல் காம்பராக்காரி புதுச் சேதி கொண்டுவந்தாள். என் நாக்குத் துடித்தது. கடைசிக் காம்பராக்காரி குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"அப்ப நீங்க என்ன சொல்றீங்க?"

"தண்ணி நல்லா வருதுங்கிறேன்."

அந்த வாரம் முழுக்க அப்படியே இருந்தேன். ஒரு சாயங்காலம் பக்கத்துக்காரி என் வாசலில் வந்து நின்றாள்.

"என்னக்கா, நான் இவ்வளவு சொல்லியும் பதிலே காணோம்? வாயில கொழுக்கட்டையா?"

வா என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. பலகையைக் காலால் தள்ளினேன். உட்கார்ந்தாள்.

"நிரை மாறி வந்தது நீதானடி?"

"பனிக்கா! ஒங்க முதுகே தெரியல."

"முதுகு தெரியல, கொழுந்து மட்டும் தெரிஞ்சிச்சா?"

அடுப்பில் ரொட்டி வேகும்வரை நேருக்கு நேர் சண்டை போட்டோம். முதல் ரொட்டியை, கேட்காமலே அவள் எடுத்துக்கொண்டாள்.