தரைக்கு யார் பொறுப்பு

ஷரத்தக்காவைத் தெரியாதவர்கள் கட்டட வேலையில் இல்லை. ஒரே ஒரு கிரேன் வைத்து வாடகைக்கு விடுகிறவள். பொருளைத் தூக்க அந்தக் கிரேன் போதும், அவளுடைய ஒப்பந்தத்தைத் தூக்கத்தான் இன்னொரு கிரேன் வேண்டும் என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். அவள் காதில் விழும். விழுந்தால் என்ன, ஒரு ஷரத்தைக்கூடக் குறைத்துக்கொள்ள மாட்டாள்.

மழையால் வேலை நின்றால் அன்றைய வாடகையை யார் தருவது, சொன்ன எடையைவிடப் பொருள் கனமாக இருந்தால் யார் தலையில் விடியும், தலைக்கு மேல் மின்கம்பி போனால் யார் மின்சாரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, கொட்டை எழுத்தில், தரை ஷரத்து. கிரேன் நிற்கும் தரைக்கு வேலை கொடுப்பவரே பொறுப்பு. தரை இறங்கினால் வரும் சேதம் முழுவதும் அவரைச் சேர்ந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. ஒரு லாரி நிறுவனத்தில் பல வருடம் ஒப்பந்தங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள், வேலையை விட்டுப் பழைய கிரேன் ஒன்றை வாங்கிய முதல் வருடம். மூடிப்போன சாக்கடை ஒன்றின் மேல் கிரேனின் கால் ஊன்றியிருந்தது யாருக்கும் தெரியவில்லை. பாரம் ஏறியதும் கால் புதைந்தது. கிரேன் சாய்ந்து ஒரு மதில் சுவரையும் அதை ஒட்டி நின்ற வேனையும் நசுக்கியது. நல்ல வேளை, ஆள் யாரும் இல்லை. அவள் கையெழுத்துப் போட்டிருந்த தாளில் சேதம் எல்லாம் வண்டிக்காரரைச் சேரும் என்று இருந்தது. வீடு கட்ட வாங்கிப் போட்டிருந்த மனை அதோடு போயிற்று.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். இந்தப் பூனை அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து, அடுப்பு எரிகிறதா என்று ஒவ்வொருவரையும் விசாரிக்க ஆரம்பித்துவிட்டது. எந்தத் தாளையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பாள். வாஷிங் மெஷின் வாங்கியபோது உத்தரவாத அட்டையில் "முறையான பயன்பாடு" என்றால் என்ன என்று கேட்டுக் கடைக்காரரை அழாத குறையாக்கிவிட்டாள். மகளின் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்டு வந்த தாளில் அவள் இரண்டு வரிகளை அடித்துத் திருத்தி அனுப்ப, தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கும் அவள் வீட்டுக்காரர், "நம்ம கல்யாணத்துல எந்த ஷரத்தும் போடாம எப்படிம்மா ஒத்துக்கிட்ட?" என்று கேட்பார். "அப்ப எனக்கு விவரம் தெரியாது" என்பாள் அவள், சிரிக்காமல்.

கிரேன் ஓட்டுவது வீட்டுக்காரரின் தம்பி. கைத்திறமைக்காரன். முட்டையைத் தூக்கி முட்டையின் மேல் வைக்கச் சொன்னாலும் வைப்பான். அவன்தான் அந்த பிஸ்கட் ஆலை வேலையைக் கொண்டுவந்தான். ஆலையின் பின்கட்டில் ஒரு புதிய பாய்லரை இறக்க வேண்டும். வேலையை எடுத்திருந்த காண்டிராக்டர் நேரே வீட்டுக்கே வந்தார். வெள்ளைச் சட்டை, அளவான பேச்சு, நெற்றியைத் துடைக்க மடித்து வைத்த கைக்குட்டை. ஒப்பந்தத்தை வாங்கினார். முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார்.

"எல்லாம் சரிதான் மேடம். எங்க கையெழுத்துப் போடணும்?"

ஷரத்தக்காவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடத்தில் அந்தத் தரை ஷரத்தைச் சண்டை போடாமல் ஒருவரும் தாண்டியதில்லை. கத்தியவர்கள் உண்டு, தாளைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு, "உங்க வண்டிக்கு நான் பூமாதேவிகிட்ட உறுதி வாங்கித் தரணுமா?" என்று கேட்டவரும் உண்டு. இவர் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை.

"தரை பத்தி எழுதியிருக்கறதைப் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன் மேடம். நியாயந்தானே?"

நியாயம் என்ற சொல் அவளை இன்னும் பயமுறுத்தியது. முத்திரை ஆபீஸில் இருக்கிறது, நாளை மறுநாள் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டாள். முத்திரை அவள் கைப்பையில்தான் இருந்தது.

காண்டிராக்டர் படியிறங்கியதும் கொழுந்தன் ஆரம்பித்தான். "என்ன அண்ணி, எல்லாத்துக்கும் சரின்னு சொல்ற ஆளை அனுப்பிட்டீங்க! வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழியை உடைக்கிறீங்களே!"

"எல்லாத்துக்கும் சரின்னு சொல்றவன் எதையுமே செய்ய மாட்டான் தம்பி. இல்லைன்னா, செய்ய வேண்டிய அவசியமே வராதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"உங்களோட முடியல" என்று அவன் போய்விட்டான்.

சந்தேகம் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் ஒரு அறையோடு நிற்காது. வீடு முழுக்கச் சுற்றும். மறுநாள் காலையில் கொழுந்தன் கொல்லைப்புறத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். அவள் துணி காயப்போடப் போனதும் குரலைத் தாழ்த்தி, "அப்புறம் பேசறேங்க" என்று வைத்தான். யார் என்று கேட்டதற்கு, "தெரிஞ்சவர்" என்றான். அவன் காலில் புத்தம்புதிய பூட்ஸ். தடித்த அடி, இரும்பு முனை. எட்டு மாதமாக அறுந்த செருப்போடு திரிந்தவனுக்கு இப்போது ஏன் பூட்ஸ்? யார் வாங்கிக் கொடுத்தது? இந்த வேலையை இவன்தானே கொண்டுவந்தான்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறோமோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனாலும் முடிச்சு விழுந்துவிட்டது.

யாரிடமும் சொல்லாமல் ஆலைக்குப் போனாள். வழி அகலத்தை அளக்க வந்திருப்பதாக வாசல் காவலாளியிடம் சொன்னாள். அவர் நல்ல மனிதர், பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கூடவே வந்தார். பின்கட்டு என்பது இரண்டு கிடங்குகளுக்கு நடுவே கிடந்த சிமெண்டு முற்றம். கிரேன் நிற்க வேண்டிய இடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். விரிசல் இல்லை, பள்ளம் இல்லை. கண்ணுக்குக் குறையொன்றும் தெரியவில்லை. குதிகாலால் ஓங்கித் தட்டிப் பார்த்தாள். சத்தத்தில் வித்தியாசம் இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

அப்போதுதான் டயர் தடங்களைக் கவனித்தாள். மாவு மூட்டை ஏற்றிவரும் லாரிகளின் கறுப்புத் தடங்கள் வாசலிலிருந்து நேராக வந்து, முற்றத்தின் நடுவில் வளைந்து, சுவரை உரசுகிற மாதிரி ஓரமாகப் போய், மறுபடி நேராகின. நடுவே அத்தனை இடம் காலியாகக் கிடக்க, எல்லா லாரியும் ஏன் சுவரோரம் போக வேண்டும்?

"இங்க நடுவுல வண்டி போகாதா?"

"போகாதும்மா."

"ஏன்?"

காவலாளி யோசித்தார். "அது தெரியல. நான் வேலைக்கு வந்தப்பவே ஓரமாத்தான் போவாங்க. நானும் ஓரமாத்தான் விடறேன்."

தரைக்கு அடியில் ஏதோ இருக்கிறது என்று ஷரத்தக்காவுக்கு உறுதியாயிற்று. காண்டிராக்டர் சண்டை போடாமல் சரி சொன்னதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றுதான் பிடிபடவில்லை. தரை மோசம் என்று தெரிந்தவர், தரைக்கு நானே பொறுப்பு என்று எப்படிக் கையெழுத்துப் போடுவார்? முட்டாளா?

திரும்பும்போது வாசலில் வருகைப் பதிவில் நேரத்தைக் குறித்தாள். பக்கத்தில் இன்னொரு கட்டுத் தாள் இருந்தது. "இதுலயும் போடணுமா?" என்று கேட்டாள்.

"ஐயய்யோ, அது உங்களுக்கில்ல. பெரிய வண்டி உள்ள வந்தா டிரைவர் போடுவார். பூட்ஸ் இல்லாமலும் விடமாட்டோம், இதுல கையெழுத்து இல்லாமலும் விடமாட்டோம்."

அவள் ஒரு தாளை எடுத்துக் கடைசி வரியிலிருந்து படித்தாள். வண்டி நிற்கும் தரையை வண்டிக்காரரின் ஆள் நேரில் பார்த்துச் சோதித்துத் திருப்தி அடைந்துள்ளார். இதனால் ஏற்படும் எந்தச் சேதத்துக்கும் வண்டி உரிமையாளரே பொறுப்பு. இதற்கு முன் செய்துகொண்ட ஏற்பாடுகள் இதற்குக் கட்டுப்பட்டவை.

"இது எல்லா எடத்துலயும் உள்ளதுதாம்மா" என்றார் காவலாளி ஆறுதலாக. "நான் இதுக்கு முன்னாடி இருந்த கம்பெனியிலயும் இதே தாள்தான்." அவள் ஒரு தாளைக் கேட்டு வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கிரேனுக்கு மசகு போட்டுக்கொண்டிருந்த கொழுந்தன் முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, வேலைக்குப் போற எடத்துல, கேட்ல, ஏதாவது தாள்ல கையெழுத்துப் போடுவியா?"

"போடுவேன்."

"படிப்பியா?"

"பின்னாடி பத்து லாரி ஹாரன் அடிக்கும் அண்ணி. எங்க படிக்கிறது? போடாம உள்ள விடமாட்டான்."

"எத்தனை எடத்துல போட்டிருப்ப?"

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். "எல்லா எடத்துலயுந்தான். ஏன்?"

ஷரத்தக்கா அப்படியே கிரேனின் படியில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருடமாக ஒவ்வொரு சொல்லாகச் சண்டை போட்டு வாசலைப் பூட்டியிருந்தாள். கொல்லைக் கதவு முழுக்கத் திறந்து கிடந்திருக்கிறது. ஒரு தடவையாவது கால் புதைந்திருந்தால்? காண்டிராக்டர்கள் எல்லாரையும் ஆயிரம் கேள்வி கேட்டவள், தினமும் தான் சோறு பரிமாறுகிற கொழுந்தனிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

விஷயத்தைச் சொன்னாள். "எனக்குத் தெரியாது அண்ணி. சத்தியமா."

"தெரியும். உன்னைக் குத்தம் சொல்லல." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "காலையில போன்ல யாரு?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு மெதுவாகப் புரிந்தது. "அந்தக் காண்டிராக்டர்தான். நீங்க ஏன் கையெழுத்துப் போடலன்னு கேட்டார். அண்ணிக்குக் கொஞ்சம் யோசனை ஜாஸ்தி, கோச்சுக்காதீங்கன்னு கெஞ்சிட்டிருந்தேன்." பிறகு காலைக் காட்டினான். "இது என் காசு. ஆலையில பூட்ஸ் இல்லாம விடமாட்டாங்கன்னு சொன்னதால வாங்கினேன். நான் அவர்கிட்ட கமிஷன் வாங்கினேன்னு நெனச்சீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஷரத்தக்காவுக்கு அது வராது.

"நெனச்சேன்."

அவன் மசகு டப்பாவை மூடி வைத்துவிட்டுப் போனான். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. "அவன் கோவிச்சது சரிதான்" என்று மட்டும் சொன்னார் வீட்டுக்காரர். அவளும் தலையாட்டினாள்.

மறுநாள் காண்டிராக்டர் வந்தபோது வாசல் தாளை மேஜைமேல் வைத்தாள். அவர் படித்தார். இந்த முறை முழுவதையும் படித்தார். கைக்குட்டையை எடுத்தார்.

"இது ஆலையோட தாள் மேடம். நான் எழுதினது இல்ல."

"உங்களுக்குத் தெரியாதா?"

"இப்படி ஒண்ணு நானே ஆலைக்குப் போட்டுக் குடுத்திருக்கேனே! தரை, சுவர், கூரை, எல்லாம் என் பொறுப்புன்னு. இல்லன்னா வேலை தரமாட்டேன்னாங்க."

"அப்புறம் என் தாள்ல ஏன் ஒண்ணுமே பேசாம சரின்னீங்க?"

"உங்க தாளை மாத்த முடியாதுன்னு ஊரே சொல்லுது. பேசி என்ன பிரயோஜனம்?"

நம்பும்படியாகத்தான் இருந்தது. நம்பும்படியாக இருப்பதுதான் அவளுக்கு உறுத்தல். புதிதாக இரண்டு ஷரத்து சேர்த்தாள். வேலை இடத்தில் டிரைவர் போடும் எந்தக் கையெழுத்தும் இந்த ஒப்பந்தத்தை மாற்றாது, அதை ஆலையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்தது, கிரேன் வருவதற்கு முன் முற்றத்தின் நடுவே தோண்டிப் பார்க்க வேண்டும்.

அவ்வளவுதான், காண்டிராக்டர் எழுந்தே நின்றுவிட்டார். தோண்டினால் யார் மூடுவது, ஆலை ஒப்புக்கொள்ளுமா, நாள் தள்ளினால் அபராதம் அவளா கட்டுவாள் என்று கத்தினார். தாளை இரண்டு முறை கீழே போட்டார். ஷரத்தக்காவுக்கு அந்த மனிதர் மேல் முதல் முறையாகக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. கத்துகிறவன் காசு கொடுக்கிற எண்ணத்தில் இருப்பவன்.

ஆலை முதலில் மறுத்தது. பாய்லர் வந்து வாசலில் காத்திருக்க, வேறு எந்தக் கிரேன்காரரும் உடனே கிடைக்காததால் இறங்கி வந்தது. தோண்டுகிற அன்று அவளும் போயிருந்தாள். பூட்ஸோடு கொழுந்தனும் வந்திருந்தான், தள்ளி நின்றான். சிமெண்டை உடைத்ததும் அடியில் கற்பலகைகள். ஒரு பலகையைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கினார்கள். கீழே செங்கல்லால் கட்டிய பழைய தண்ணீர்த் தொட்டி, ஓர் அறை அளவு. அடியில் கறுப்பாகத் தண்ணீர் மினுங்கியது. கொழுந்தன் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டான். சத்தம் வர நேரமாயிற்று.

காவலாளி, மேஸ்திரி, ஆலை அதிகாரி, எல்லாரும் எட்டிக் குழிக்குள் பார்த்தார்கள். ஷரத்தக்கா தற்செயலாகத் தலையைத் திருப்பினாள். காண்டிராக்டர் குழியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பார்ப்பது தெரிந்ததும்தான் குனிந்து, "அடக் கடவுளே!" என்றார்.

பாய்லரை இரண்டு பகுதியாகக் கழற்றி, கிரேனை வாசல் பக்கமே நிறுத்தி இறக்கினார்கள். கொழுந்தன் வாசல் தாளை வாங்கி, நிதானமாகக் கடைசி வரிவரை படித்து, கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தான். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டேயிருந்தன. வேலை முடிந்து வந்த அன்று அண்ணியிடம் சாப்பாடு கேட்டான். வேறு எதுவும் பேசவில்லை. பழையபடி பேச இன்னும் பல வாரம் ஆயிற்று. இப்போதும் போன் வந்தால் அவள் காதுபடவே, வேண்டுமென்றே உரக்கப் பேசுவான். அவள் அதைப் பொறுத்துக்கொள்கிறாள்.

காண்டிராக்டர் அதன்பின் வேறு கிரேன் தேடிப் போகவில்லை. சொன்ன நாளில் வாடகை வந்துவிடும். ஷரத்தக்கா மகளின் பிறந்தநாளுக்கு ஒருமுறை கேக் வாங்கிக்கொண்டு வந்தார். அவர் போன பிறகு வீட்டுக்காரர் கேட்டார்: "இன்னுமா அந்த ஆளைச் சந்தேகப்படற? எவ்வளவு நல்ல மனுஷன்!"

"நல்ல மனுஷன்தான்" என்றாள் ஷரத்தக்கா, கேக்கை வெட்டியபடி. "ஆனா அன்னிக்கு ஏன் குழியைப் பாக்கல?"

முதல் துண்டைக் கொழுந்தனுக்கு எடுத்து வைத்தாள்.