வெர்னாவின் ஸ்டியரிங் பாக்ஸ்

பக்கத்துப் பண்ணை வெர்னா டெஸ்கியின் 1967-ஆம் வருடத்துப் பிக்கப் வண்டி வேலியைப் பிய்த்துக்கொண்டு என் புல்வெளிக்குள் வந்து நின்றபோது, நான் தண்ணீர்த் தொட்டியில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன். ஓடிப் போய்ப் பார்த்தேன். ஓட்டி வந்த வெர்னாவின் நெற்றியில் ரத்தம். பின்னாலிருந்த வைக்கோல் கட்டுகள் சிதறிக் கிடந்தன.

"வளைவுல ஸ்டியரிங் இறுகிடுச்சு. திரும்பவே மாட்டேன்னுது" என்றாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "ராலண்ட்!" என்றாள்.

ராலண்ட் அவள் தம்பி. நெப்ராஸ்காவில் எங்கள் பக்கத்து மணல் மேடுகளுக்குள் நாற்பது மைலுக்கு ஒரே பட்டறை அவனுடையதுதான். வெர்னாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. புருஷன் விட்டுப்போன பிறகு நூற்றெழுபது மாடுகளைத் தனியாக மேய்க்கிறவள். தேவையில்லாமல் யாரிடமும் வாய் கொடுக்க மாட்டாள். ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து ஆயில் ஒழுகுகிறது என்று மூன்று தடவை வண்டியைத் தம்பியிடம் விட்டிருந்தாள். மூன்று தடவையும் அவன் சிரித்தான். "பழைய வண்டி அக்கா. ஒழுகலன்னாதான் பயப்படணும், உள்ள ஆயிலே இல்லன்னு அர்த்தம்!" கடைசித் தடவை, "சீல், புஷ் எல்லாமே புதுசு போட்டுட்டேன், போ" என்று சொல்லி அனுப்பினான்.

வண்டியை டிராக்டரில் கட்டி அவள் கொட்டகைக்கு இழுத்துப் போனேன். "ராலண்டக் கூப்பிடட்டுமா?" என்றேன்.

"அவன் பேர எடுத்தே, உன்னையும் வெளிய தள்ளிக் கதவச் சாத்துவேன்."

நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு அப்போதே வண்டிக்கு அடியில் படுத்துவிட்டாள். பாக்ஸைச் சக்கரங்களோடு இணைக்கும் டிராப் ஆர்ம் துருவேறி அசையவில்லை. இழுத்துக் கழற்றும் புல்லர் கருவியை மாட்டி முறுக்கினாள், சுத்தியலால் தட்டினாள், மறுபடி முறுக்கினாள். ஒவ்வொரு அடிக்கும் தம்பிக்கு ஒரு வசவு. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தத்தோடு ஆர்ம் கழன்றது.

பாக்ஸை மேசையில் வைத்துப் பிரித்தோம். உள்ளே ஒரு கரண்டி ஆயில்கூட இல்லை. சீல் மட்டும் புதுசு. ஷாஃப்டைத் தாங்கும் பித்தளைப் புஷ் வளையங்கள் இரண்டும் வண்டியோடு பிறந்தவை. ஒரு பக்கம் காகிதமாகத் தேய்ந்திருந்தன. ஷாஃப்ட் அதற்குள் ஆடினால் எந்தச் சீல்தான் தாங்கும்? ஆயில் எல்லாம் ஒழுகிப்போய், உள்ளே காய்ந்த பற்கள் வளைவில் இறுகிவிட்டன. வெர்னா புஷ் இரண்டையும் துடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

புதுப் புஷ் தபாலில் வர ஆறு நாள் ஆயிற்று. வைஸ் இடுக்கியில் வைத்து அழுத்தி இறக்கினாள். சீலைப் போட்டு, ஆயிலை நிரப்பி, பாக்ஸை மாட்டினாள். அடியில் ஒரு அட்டையை விரித்துவிட்டு இரண்டு நாள் பொறுத்தாள். ஒரு சொட்டு இல்லை.

மூன்றாம் நாள் காலை அவளே ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். நானும் கூட இருந்தேன். நாலைந்து பேர் அடுப்பைச் சுற்றிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பழைய புஷ் இரண்டையும் ராலண்டின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதுவாடா புதுசு?"

அவன் மற்றவர்களைப் பார்த்து இளித்தான். யாரும் சிரிக்கவில்லை. "அதக் கழட்ட ஒரு நாள் முழுக்க ஆகும்க்கா. ஒரே வேல நெருக்கடி. உனக்கு எங்க தெரியப்போவுதுன்னு..."

"தம்பின்னு நம்பித்தான்டா உன்கிட்ட விட்டேன்! அந்த வளைவுல அப்பத்தான் ஸ்கூல் பஸ் தாண்டிப் போச்சு. நான் ஒரு நிமிஷம் முந்தி வந்திருந்தா என்னடா ஆயிருக்கும்?"

அவன் காப்பியைக் கீழே வைத்தான். அவள் திரும்பி நடந்தாள்.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு அவள் தம்பியை அழைக்கவில்லை. மே மாதம் கன்றுகளுக்குச் சூடு போடும் நாளன்று அவன் அழையாமலே வந்து, தொழுவ வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னும் கோவமாக்கா?"

"ஆமா" என்றாள் வெர்னா. "வந்துட்டல்ல, அந்தக் கன்னோட பின்னங்கால இறுக்கிப் பிடி."