முப்பது நோன்பும் பிடித்த மகள்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் கற்பிட்டிக் கரையில் கருவாட்டு வியாபாரம் என்றால் இன்றைக்கும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் விலை பேசுவார்கள். ஒரு கூடைக் கருவாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு தொடங்கினேன். இப்போது மீன் காயப்போடும் வாடி இருக்கிறது, லொறி இருக்கிறது, மகளின் பேரில் மாடிவீடு இருக்கிறது. மவுத்தான மனுசன் எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு மகளை மட்டும்தான். மற்றதெல்லாம் என் கையால் வந்தது.

மகளின் நோன்பைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். எங்கள் பெண்களுக்கு ரமழானில் ஆறேழு நோன்பு விட்டுப்போகும். மாதவிலக்கு வரும் அந்த நாட்களில் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. பெருநாள் முடிந்த பிறகு விட்டதைக் கழாச் செய்வோம். என் மகள் பெரிய பிள்ளையாகிக் கொஞ்சக் காலத்துக்குப் பிறகு முப்பது நோன்பையும் ஒன்று விடாமல் பிடிக்கத் தொடங்கினாள். நான் அதைக் கல்யாண வீட்டிலும் சொன்னேன், மையித்து வீட்டிலும் சொன்னேன். “உங்கட புள்ளைகள் பெருநாளைக்குப் பொறகும் கழாப் பிடிச்சிக்கிட்டு இரிக்கிதுகள். என்ட மகளுக்கு ஒண்டும் பாக்கி இல்ல” என்பேன். கேட்டவர்கள் மாஷா அல்லாஹ் என்பார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அவளுக்கு நாடியிலும் மேலுதட்டிலும் முடி வந்தது. என் வாப்பாவுக்கு அடர்ந்த தாடி, அந்தப் பரம்பரை என்று நினைத்தேன். மஞ்சள் பூசினோம், பயற்றமா பூசினோம். பிறகு அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிளேட்டால் வழிக்கத் தொடங்கினாள். உடம்பும் போட்டது. வசதியான வீட்டுப் பிள்ளை, போடத்தானே செய்யும் என்று இருந்துவிட்டேன்.

மதுரங்குளியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் உம்மாவும் சகோதரிகளும்தான் முதலில் வந்து பெண்ணைப் பார்ப்பார்கள். வந்த சகோதரிகளில் ஒருத்தி கிளினிக்கில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாதுவாக வேலை செய்பவள்.

“மகள் சமைப்பாவா?” என்று மாப்பிள்ளையின் உம்மா கேட்டாள்.

“புரியாணிச் சட்டிய தனியாளாத் தூக்கி எறக்குவா. அத விடுங்க. இத்தன வருஷத்துல ஒரு நோன்பு விட்டவள் இல்ல.”

அந்தச் சகோதரி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். “ஒரு வருஷமும் விடல்லயா மாமி?”

“ஒரு வருஷமும் இல்ல!”

அவள் மகளின் நாடியைப் பார்த்தாள். காலையில் வழித்த இடம் பவுடரையும் மீறிப் பச்சையாகத் தெரிந்தது. மகள் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டாள்.

போகும்போது அந்தப் பெண் என்னைக் கேற்றடியில் நிறுத்தினாள். “கோவிக்காதீங்க மாமி. மாசாமாசம் வராமல் இரிக்கிறது ஒரு வருத்தம். மகளை டொக்டரிட்டக் காட்டுங்க.”

“என்ட வீட்டுல தேத்தண்ணி குடிச்சிட்டு என்ட புள்ளைக்கே வருத்தம் எண்டு சொல்லுறியா?” என்று ஏசி அனுப்பினேன். அன்று மாலையே தரகு பார்க்கும் ராத்தா வந்து, அவர்களுக்குச் சரிவராதாம் என்றாள்.

ஏசினாலும் மனசு கேட்கவில்லை. மகளைப் புத்தளத்துக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் சிங்களத்தில் சொன்னார். சிலாபத்து முதலாளிமாரோடு வியாபாரம் செய்தவள் நான், ஒரு சொல்லும் தப்பவில்லை. சூலகத்தில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகளாம். ஆண்களுக்குக் கூடுதலாக இருக்கும் ஹோர்மோன் இவளுக்கு அளவுக்கு மிஞ்சி ஊறுகிறதாம். இரத்தத்தில் சீனியும் ஏறத் தொடங்கியிருக்கிறதாம். பிள்ளை கிடைக்குமா என்று கேட்டேன். மருந்தோடு பலருக்குக் கிடைக்கிறது என்றார். முளைத்த முடி மருந்துக் குளிசைக்குக் கொட்டாது, நீண்ட காலம் குடித்தால் புதிதாக வருவது குறையலாம் என்றார்.

பிள்ளை கிடைக்கும் என்ற அந்த ஒரு நல்ல சொல்லைப் பிடித்துக்கொண்டு தரகு ராத்தாவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். “வருத்தம்தான், ஆனா மருந்து இரிக்கி எண்டு அந்த மதுரங்குளி ஆக்களுக்குச் சொல்லுங்க.”

“வாய மூடு தங்கச்சி. முடியெண்டா பவுடர் போட்டு மறைக்கலாம். புள்ளப்பெறுற இடத்துல வருத்தமெண்டா எவன் வருவான்?”

“அப்ப ஆருக்கும் சொல்லாம இரிப்பம்.”

“இனி என்னத்தச் சொல்லாம இரிக்கிற? முப்பதும் பிடிக்கிறாள் எண்டு ஊருக்கெல்லாம் நீதானே சொன்ன. அது என்னத்தால எண்டு இப்ப எல்லாப் பொம்புளைக்கும் வெளங்கிட்டு.”

மகள் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “எனக்கு முந்தியே தெரியும் உம்மா, மத்தப் புள்ளைகளைப் போல எனக்கு இல்ல எண்டு. நீங்க அவ்வளவு சந்தோசமாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க. நான் எப்பிடிச் சொல்லுற?”



கொழும்புக்குக் கூட்டிப்போய் லேசர் பிடித்தோம். முடி கொஞ்ச நாள் அடங்கியிருந்து திரும்ப வந்தது. குளிசை வயிற்றைப் பிரட்டும். அப்படியும் குடிக்கிறாள். பார்க்க வருவதாகச் சொன்ன இரண்டு இடமும் வரவில்லை.

கடைசியாக நுரைச்சோலைப் பக்கத்திலிருந்து மனைவியை இழந்த ஒருவரின் சம்பந்தம் வந்தது. வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டால் போதும், புதிதாகப் பிள்ளை வேண்டாம் என்றார்களாம். முந்தி என்றால் இப்படி ஒரு சம்பந்தம் கொண்டுவந்தவளை மதிலுக்கு வெளியிலேயே நிறுத்தியிருப்பேன். மகள்தான் சொன்னாள்.

“ஓம் எண்டு சொல்லுங்க உம்மா. நான் முகம் வழிக்கிற கதையையும் சொல்லிடுங்க. பொறகு வந்து பாத்திட்டு எழும்பிப் போக வேணாம்.”

முகம் வழிக்கிற கதையையும் சேர்த்து, ஓம் என்று தரகு ராத்தாவிடம் சொல்லி அனுப்பினேன். அதற்குப் பிறகு தரகு ராத்தாவை இந்தப் பக்கம் காணவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு நானே லொறி டிரைவரை அனுப்பி விசாரித்தேன். அந்த மனிதருக்கு வேறு இடத்தில் நிக்காஹ் முடிந்துவிட்டதாம்.

மகளுக்கு இன்னும் தெரியாது. நேற்றும் சோறு போட்டுத் தந்துவிட்டு, “ஏதாவது சொல்லி அனுப்பினாங்களா உம்மா?” என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். “அவங்களுக்கும் யோசிக்க நாள் வேணும் தானே” என்று சொல்லிவிட்டு எனக்குக் கறி ஊற்றினாள்.