திரையில் சுழன்ற மருந்து

உஷாராணி சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுடைய அறையிலிருந்து கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவள் கை அப்படியே நின்றது. இந்த வீட்டில் அதைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி இங்கே நிற்கிறாள்.

"கொஞ்சம் பொறு. இப்ப சுத்த ஆரம்பிக்கும் பாரு," என்று அப்பா அப்புசாமியின் குரல் வந்தது.

இன்றைக்கும் யாரையோ கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பெம்பான் ஊரை ஒட்டிய ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிய அப்புசாமிக்கு உஷா ஒரே மகள். அம்மா முனியம்மாவுக்குச் சர்க்கரை நோயில் முதலில் கண் போனது, பிறகு உயிர் போனது. அந்தப் பிணத்தின் காலடியில் அழுத பெண்தான் பினாங்கில் வேதியியல் படித்தாள். இங்கிலாந்து போய் ஆராய்ச்சிப் பட்டமும் வாங்கினாள். 1991இல் திரும்பி வந்ததும் ஆயர் குரோவில் ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாள்.

அவள் வேலையில் குப்பியும் இல்லை, ஊசியும் இல்லை. சர்க்கரை நோயாளியின் நரம்பையும் கண்ணையும் கெடுக்கும் ஒரு புரதத்தின் வடிவம் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அதில் ஒரு சிறு குழி. அந்தக் குழியில் எந்த மூலக்கூறு போய் உட்காரும் என்று ஆயிரக்கணக்கில் திருப்பித் திருப்பிப் பொருத்திப் பார்ப்பாள். நன்றாக உட்காருவதைச் சோதனைக்கூடத்தில் செய்து எலிகளுக்குக் கொடுப்பார்கள். பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் அவள் வயதைச் சொல்லித் திரும்பிப் போனார்கள். அவளோ அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்தது. சிவப்பும் பச்சையுமாகக் கோத்த உருண்டைகள். ஆசையோடு அந்தப் படத்தை வீட்டுக் கம்ப்யூட்டரிலும் போட்டு வைத்தாள். அப்புசாமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டரை முடுக்கி அந்தப் படத்தைச் சுழல விடுவதற்கு மட்டும் கற்றுக்கொண்டார். ஞாயிறுதோறும் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குப் போய் ஆள் கூட்டி வருவார். "அதோ, அந்தச் சிவப்புதான் மருந்து," என்பார். வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்ப்பார்கள்.

பிறகு எலிகளின் ஈரல் கெட்டது. ஒரே கூட்டத்தில் நிறுவனம் அதைக் கைவிட்டது. தீபாவளிக்கு முதல் நாள் உஷா அப்பாவிடம் அதைச் சொன்னாள். அவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

கையைத் துடைத்துக்கொண்டு உஷா அறைக்குள் போனாள். கெட்டுப்போன இறைச்சியின் வாடை முகத்தில் அடித்தது.

நாற்காலியில் சாந்தி உட்கார்ந்திருந்தாள். தோட்டத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவள். ஆறாம் வகுப்போடு நின்று பால்வெட்ட வேலைக்காட்டுக்குப் போனவள். அவள் வலது காலில் பழைய சாரோங் கைலித் துணி சுற்றியிருந்தது. பக்கத்தில் அவள் புருஷன், லாரி ஓட்டும் தனபாலன்.

"என்னடி, பேயப் பாத்த மாதிரி நிக்கிற," என்றாள் சாந்தி.

"காலுக்கு என்ன?"

"மாமா சொல்லலியா?"

"சுகர்தான் உஷா," என்றான் தனபாலன். "ரெண்டு விரல எடுக்கணும்னு ஆஸ்பத்திரியில தேதி குடுத்தானுங்க. இவ போகல."

"ஏன் போகல?"

சாந்தி திரையைக் காட்டினாள். "அது வருதுன்னுதான். மாசிமகம் முடிஞ்சு மாமா எங்கள இங்க கூட்டிட்டு வந்தாரு. நீ ஞாயித்துக்கிழமையும் ஆபிஸ் போயிருந்த. எங்க அம்மா இதப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. மாமாதான், வெட்டுன விரல் திரும்ப மொளைக்காது ஆயி, என் மக மருந்து வந்துட்டா தழும்புகூட இருக்காது, பொறுத்துக்கன்னாரு. பொறுத்துட்டேன். இன்னும் எத்தன நாளாகும்?"

உஷா அப்பாவைப் பார்த்தாள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழுசா ஆகலன்னாலும் பரவால்ல லா," என்றான் தனபாலன். "கொஞ்சமா எடுத்துக் குடு. கம்பெனிக்குத் தெரியாம நான் பாத்துக்கிறேன்."

'இன்னும் கொஞ்ச நாள்' என்று சொல்லிவிடலாம். அப்பாவின் மானம் தப்பும். ஆனால் அந்தப் பொய்யில் ஒரு துணுக்கு மிஞ்சினாலும் சாந்தி ஆஸ்பத்திரிப் படி ஏறமாட்டாள். அப்புறம் காலோடு உயிரும் போகும்.

"அது மருந்து இல்ல சாந்தி. மருந்தாகவே இல்ல. எலிக்குக் குடுத்துப் பாத்தோம். ஈரல் கெட்டுப் போச்சு. விட்டுட்டாங்க."

"எலிக்குத்தானே. இவ எலிய விடக் கெட்டி," என்றான் தனபாலன். சிரிக்கப் பார்த்தான். கூடச் சிரிக்க யாருமில்லை.

"அப்ப ஏன் இன்னும் சுத்துது?" என்று சாந்தி கேட்டாள்.

"படம் மட்டும்தான் இருக்கு."

"எப்ப விட்டாங்க?"

"தீபாவளிக்கு முன்ன."

சாந்தி மெதுவாக அப்புசாமி பக்கம் திரும்பினாள். "தீபாவளிக்கு அப்புறம்தானே மாசிமகம். மாமாவுக்குத் தெரியுமா?"

அப்புசாமி எழுந்தார். "இதெல்லாம் கம்பெனி ரகசியம். வெளிய சொல்லக்கூடாது, அதான் இப்படிப் பேசுறா. நீ வீட்டுக்குப் போ ஆயி. நானே கொண்டாந்து குடுக்கிறேன்."

தனபாலன் முகத்தில் வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை உஷாவால் தாங்க முடியவில்லை.

"அப்பாவுக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். இந்த வீட்டுலயும் மருந்து இல்ல, எங்க ஆபிஸ்லயும் இல்ல. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். நான் கார எடுக்கிறேன்."

தனபாலன் பாய்ந்து அப்புசாமியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"விடுங்க. வயசானவரு," என்றாள் சாந்தி.

கிழவர் கசங்கிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "தோட்டமே கேக்குது தனபாலா. போற எடமெல்லாம் மருந்து எப்ப, மருந்து எப்பன்னு. எலி செத்துப் போச்சுன்னு நான் எந்த வாயால சொல்றது?"

"சாந்தி காலு செத்துப் போச்சுன்னு சொல்லுங்க மாமா. அது வாயில லேசா வரும்," என்றாள் சாந்தி.

பிறகு அவள் உஷாவை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்தன வருசம் படிச்சு, வேல பாத்து, என்னதான்டி கண்டுபிடிச்ச?"

"எதெல்லாம் சரிப்படாதுன்னு கண்டுபிடிச்சேன்."

சாந்தி வாய்விட்டுச் சிரித்தாள். சிறுவயதில் சிரித்த அதே சிரிப்பு. "இதுக்கா இங்கிலாந்து போன? நான் இந்த மனுசனக் கட்டி, பெம்பான்ல இருந்துக்கிட்டே அதக் கண்டுபிடிச்சேன்." சிரிப்பு நின்றதும் கேட்டாள். "எவ்வளவு எடுப்பாங்க?"

"அது எனக்குத் தெரியாது."

"தெரிஞ்ச வரைக்கும் சொல்லு."

உஷா மண்டியிட்டுத் துணியைப் பிரித்தாள். விரல்கள் கரிக்கட்டையாகியிருந்தன. கறுப்பு கணுக்காலைத் தாண்டியிருந்தது. அதற்கு மேலே தோல் சிவந்து பளபளத்தது. அம்மாவைக் கொன்ற நோய்க்கு மருந்து தேடப் போன கைகள், அந்தத் துணியைத் திரும்பக் கட்டத் தெரியாமல் தடுமாறின.

"முழங்காலுக்குக் கீழ. மேலயும் போகலாம்."

"அன்னைக்கு ரெண்டு விரலுன்னானுங்க," என்றாள் சாந்தி.

தனபாலன் அவளைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டான். உஷா கார்ச் சாவியோடு பின்னால் ஓடினாள்.

"உன் காரு வேண்டாம். லாரி நிக்குது," என்றான் அவன், திரும்பிப் பார்க்காமல்.

வாசலில் சாந்தியின் செருப்புகள் கிடந்தன. உஷா இரண்டையும் எடுத்துக்கொண்டு லாரியின் கதவருகே போய் நீட்டினாள். சாந்தி குனிந்து இடது கால் செருப்பை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"ஒண்ணு போதும்டி. அத நீ வச்சுக்க."

லாரி உறுமிக்கொண்டு நகர்ந்தது. எதிர் வீட்டு ஜன்னலில் இரண்டு முகங்கள் தெரிந்தன.

"உள்ள வா," என்றார் அப்புசாமி வாசலில் நின்று. "நாலு பேரு பாக்குறாங்க. பெத்தவன சந்தி சிரிக்க வச்சிட்ட. இனி நான் எப்படித் தோட்டத்துப் பக்கம் போவேன்?"

உஷாராணி கையில் ஒற்றைச் செருப்போடு உள்ளே வந்தாள். அவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.