அண்ணன் வாட்டிய பன்றித்தொடை

வெளிநாட்டில் சமையல்காரராக இருந்த அண்ணன், தொண்டைப் புற்றுநோயோடு குரங்கணி மலைக்கிராமத்துக்கு மேலே இருக்கும் எங்கள் ஏலத்தோட்ட வீட்டுக்குத் திரும்பினார். மரத்தூளை இறுக்கிச் செய்த சிறு குச்சிகளில் எரியும், கறியைப் புகையிலேயே வேகவைக்கும் புகையடுப்பையும் ஜீப்பில் ஏற்றி வந்திருந்தார்.

கஞ்சி மட்டுமே இறங்கிய அந்த நாட்களில், ஒரு பன்றித்தொடையை உப்புநீரில் ஊறப்போட்டார். பிறகு ஒரு பகல் முழுக்க அடுப்பருகே உட்கார்ந்து அதைப் புகையில் வாட்டினார்.

"உங்களால முழுங்க முடியாதேண்ணே" என்றேன்.

"எனக்கில்லப்பா. அத்தன வருசமா அங்க என்ன சோலி பாத்தேன்னு உங்களுக்குத் தெரியணும்ல."

மெல்லிய துண்டுகளாக அறுத்து எல்லோருக்கும் வைத்தார். பன்றிக்கறியைத் தொட்டே அறியாத அம்மா, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயில் போட்டு மென்றார்.

"எப்படியிருக்கு, ஆத்தா?"

"நல்லாருக்குய்யா. இன்னொரு துண்டு வையி."

அண்ணனால் உடனே கத்தியை எடுக்க முடியவில்லை. அவர் கடைசியாகச் சமைத்தது அதுதான்.