சவரி அண்ணனைத் தேடினோம்

எங்கள் தேடும் குழுவின் கைபேசி என்னிடம்தான் இருக்கும். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கடலிலோ முகத்துவாரத்திலோ யார் தவறி விழுந்தாலும் முதலில் அதுதான் அடிக்கும். எடுத்ததும் நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. ஆள் பெயர் என்ன? அன்று காலை கடையில் கம்பி இறக்கிக்கொண்டிருந்தபோது படகோட்டி குமார் கூப்பிட்டான். எண்ணூரில் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுக் கற்களுக்குப் பக்கத்தில் ஆள் போய்விட்டது என்றான். பழக்கதோஷத்தில் பெயரைக் கேட்டேன். காற்றுச் சத்தம்தான் வந்தது. மறுபடியும் கேட்டேன்.

"நம்ம சவரிண்ணன், அண்ணாத்தே" என்றான்.

அந்தக் கேள்வியை எனக்குப் பழக்கியவரே சவரிமுத்து அண்ணன்தான். அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ராயபுரத்தில் பிறந்தவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கடல் கொண்டுபோனவர்களைத் தேட, கூலி இல்லாமல் படகு ஏறும் ஒரு கூட்டத்தைச் சேர்த்தவர். முன்கோபி. கரையில் கைபேசியைத் தூக்கிப் படம் எடுப்பவர்களை அவர் திட்டும் திட்டை இங்கே அச்சில் ஏற்ற முடியாது.

நான் தெற்கத்தி ஆள், சாத்தாங்காட்டில் இரும்புக் கடை. ஒரு மழைக்காலத்தில் ஊரே வெள்ளத்தில் மிதந்தபோது, முழங்கால் தண்ணீரில் என் கடைக்குள் வந்தார். கேட்காமல் கொள்ளாமல் ஒரு சுருள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டார். யாரய்யா நீ என்று மறித்தேன். "கயிறு அப்பால வரும் மாமு. மொதல்ல ஆளு வரணும்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கயிற்றைத் திரும்ப வாங்கத்தான் பின்னால் போனேன். போனவன் சாயங்காலம் வரை அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

எனக்கு நீச்சல் தெரியாது. அதை வைத்து அவர் என்னைச் சும்மா விட்டதே இல்லை. "நீ இரும்பு யாவாரி, எறங்குனா நேரா அடிக்கே பூடுவே, கரையிலயே குந்திகினு ஃபோனப் பாரு" என்பார்.

அவரிடம் சில பிடிவாதங்கள் இருந்தன. காணாமல் போனவரை 'பாடி' என்று யாரும் சொல்லக்கூடாது. படகு கொஞ்ச தூரம் போனதும் இன்ஜினை நிறுத்த வேண்டும். எல்லோரும் சேர்ந்து அந்த ஆளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பிறகு வாயை மூடிக்கொண்டு காது கொடுக்க வேண்டும். கடல் பதில் சொல்லுமா என்று நான் ஆரம்பத்தில் கேலி செய்தேன்.

"செத்தவனுக்குக் கேக்காது, தெரியும். ஆனா எதுனா கட்டையப் புட்ச்சிகினு உசுரோட கீறானோ இன்னாவோ. பேரச் சொல்லிக் கூப்ட்டா கையத் தூக்குவான்" என்றார்.

அப்படி ஒருவர் தூக்கவும் செய்தார். படகு கவிழ்ந்து, ஒரு தெர்மாகோல் துண்டைக் கட்டிக்கொண்டு கிடந்த மீனவர். அலை மறைத்ததில் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கை, பெயரைக் கேட்டதும் மேலே வந்தது. அதற்குப் பிறகு நான் கேலியை நிறுத்திக்கொண்டேன்.

இன்னொரு பிடிவாதம் காலடிப்பேட்டைத் தாய் ஒருவரிடமிருந்து வந்தது. அவர் மகன் குளிக்கப் போய்த் திரும்பவில்லை. இனிப் பயனில்லை என்று தேட வந்த எல்லோரும் போய்விட்டார்கள். அந்த அம்மா மட்டும் கற்கள் மேல் உட்கார்ந்திருந்தார். அண்ணன் படகைத் திரும்பக் கடலுக்குத் தள்ளினார். நாள் கணக்காகப் போனோம், வந்தோம். கடைசியில் அந்த அம்மாவே எழுந்து, போதும்பா, உங்க கண்ணெல்லாம் செவந்து கீது, வூட்டுக்குப் போங்க என்றார். மகன் பெயரை ஒருமுறை கடலைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டு நடந்தார்.

அதுவே எங்கள் வழக்கமாயிற்று. தேடக் கிளம்புவது எங்கள் கையில், நிறுத்துவது வீட்டாரின் கையில். அவர்கள் 'போதும்' என்று சொல்லி, கடைசியாகப் பெயரைக் கூப்பிடும் வரை நாங்கள் கரையேற மாட்டோம். இந்த வழக்கம் ஒருநாள் நம்மில் ஒருவரைக் கொல்லும் என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். அண்ணன் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்.

அவர் போன விதத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. இரண்டு கல்லூரி மாணவர்கள் எச்சரிக்கைப் பலகைக்குக் கீழேயே துணியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார்கள். "போர்டு வெச்சா அலை படிச்சிட்டா போவுது" என்று அண்ணன் எப்போதும் சொல்வார். ஒருவனை இழுத்துக் கரையில் போட்டார். மற்றவனுக்காகத் திரும்ப இறங்கினார். அவன் கையில் கயிற்றைக் கொடுத்தார், அவனும் கரை சேர்ந்தான். அண்ணன் வரவில்லை.

தேடினோம். கடல் கொதித்துக்கொண்டிருந்தது. பிலோமினா அண்ணி வந்து, எத்தனையோ தாய்மார்கள் உட்கார்ந்த அதே கற்கள் மேல் உட்கார்ந்தார். அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை. 'போதும்' என்று சொல்ல வேண்டிய வீட்டார் அவர் ஒருவர்தான். அவர் வாய் திறக்கவில்லை. படகுகள் போய்க்கொண்டே இருந்தன. எங்கள் குழுப் பையன்கள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. குமாரின் படகை அலை தூக்கிக் கல்லில் அடித்தது. அவன் நெற்றியில் ரத்தத்தோடு அடுத்த படகில் ஏறினான். தடுத்தேன். அண்ணி சொன்னாங்களா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

இன்னொரு சாவு விழப்போகிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. நிறுத்தச் சொல்லுங்கள் என்று அண்ணியிடம் எந்த வாயால் கேட்பேன்? அவர் பக்கத்தில் போய் நின்றேன். அழத்தான் வந்தது.

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குமாரின் படகைப் பார்த்தார். அது அலைக்குள் மறைந்து மறைந்து தெரிந்தது. முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"போதும். அவுங்களக் கரைக்கு வரச் சொல்லு" என்றார். "நாளைக்கி இவுங்கள்ல ஒருத்தன் பூட்டான்னா, தேடிகினு போவ அவரு இல்ல."

நான் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் ஆட்டிப் படகுகளுக்குச் சைகை காட்டினேன். படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து இன்ஜினை நிறுத்தின. இனி அண்ணி கடைசியாகப் பெயரைக் கூப்பிட வேண்டும். இத்தனை வருடத்தில் அண்ணி தன் கணவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. 'உங்க அண்ணன்' என்பார், இல்லையென்றால் 'வூட்டுக்காரரு'. அப்பேர்ப்பட்டவர் தண்ணீர் ஓரம் வரை போய், இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, சவரிமுத்து என்று கூப்பிட்டார்.

வழக்கப்படி எல்லோரும் காது கொடுத்து நின்றோம். எந்தக் கையும் மேலே வரவில்லை. அண்ணி இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குமாரின் நெற்றியைத் தன் முந்தானையால் துடைத்தார்.

அண்ணன் கிடைக்காமலே போனதால், மாதா கோயிலில் சவப்பெட்டி இல்லாமல் பூசை வைத்தார்கள். கைபேசி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நேற்றும் அடித்தது, பெயரைக் கேட்டேன், படகு போயிற்று. போய் வாருங்கள் என்று சொல்லித்தான் இப்படிப்பட்ட அஞ்சலிக் கட்டுரையை முடிப்பார்கள். எனக்கு அது வாயில் வரவில்லை அண்ணே. வந்துவிடுங்கள்.