பன்றிக்குப் பால் ஊறும் பொடி

பன்றித் தீவனத்தில் கலக்கும் மூலிகைப் பொடியை விற்பவனுக்குப் பன்றியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தால் விற்க முடியாது. சோப்போ இன்சூரன்ஸோ எதையோ பையில் திணித்துக்கொண்டு குன்னூர் பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கி நிற்கும் சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும்.

பயிற்சி வகுப்பு

கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டல் ஹாலில் எங்களுக்குப் பயிற்சி. ஏரியா மேனேஜர் திரையில் ஒரு வெளிநாட்டுத் தாய்ப்பன்றியைக் காட்டினார். எஸ்டேட் மேனேஜர் பங்களாவில் வளர்ந்தது போல அத்தனை சுத்தம். வெந்தயம், பூண்டு, தண்ணீர்விட்டான் கிழங்கு இவற்றின் சாறு நம் பொடியில் இருக்கிறது, சினைக் காலத்தின் கடைசியிலும் குட்டிகள் பால் குடிக்கும் நாட்களிலும் கொடுத்தால் பால் பெருகும் என்றார்.

நம் ஊர்ப் பக்கம் எந்தப் பண்ணையிலாவது கொடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டேன். ஹாலில் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மேனேஜருக்குக் கோபமே வரவில்லை.

"படத்துல பாருங்க, பன்னி சிரிக்குது. அதுக்கு மேல என்னங்க ஆதாரம் வேணும்?"

காந்தலில்

விற்பனைக்கென்று நான் ஏறிய முதல் வாசற்படி, குன்னூர் தாண்டி மலைமேல் காந்தலில். ஹோட்டல் மிச்சத்தை வாங்கிப் பன்றி வளர்க்கும் ராஜப்பன் வீட்டுக்குப் போய், மனப்பாடம் செய்திருந்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் இங்கிலீஷில் பேர் அச்சடித்த பொட்டலத்தைப் பிரித்தார், மோந்தார், ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு வெகு மரியாதையாகத் திருப்பி மடித்து என் கையில் கொடுத்தார்.

"ஏனுங்க, இதெல்லாம் எங்க ஊட்டு ரசத்துல போடறதுதானுங்களே. பன்னிக்குப் போடறப்ப மட்டும் எதுக்குங்க இங்கிலீஷ் பேரு?"

சேரங்கோட்டில்

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. செல்வராணி சேரங்கோடு எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். சிலோனிலிருந்து திரும்பிய குடும்பம். லைன் வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு தாய்ப்பன்றி. மகளின் நர்சிங் படிப்புக்கு அதன் குட்டிகளைத்தான் நம்பியிருந்தார். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நம்பிப் பொடியை வாங்கினார்.

ஒரு நாள் காலையில் போன் செய்தார். பன்றி பத்துக் குட்டி போட்டிருக்கிறது, எழுந்திருக்கவில்லை, தீவனம் தொடவில்லை, குட்டிகளுக்குப் பால் இல்லை. நான் மேனேஜரைக் கேட்டேன். அளவை இரட்டிப்பாக்கச் சொல்லுங்கள் என்றார். அதை அப்படியே, என் சொந்த அனுபவம் போல, செல்வராணியிடம் சொன்னேன். தீவனமே தொடாத மிருகத்துக்குத் தீவனத்தில் கலக்கும் பொடி! அந்தச் சின்ன விஷயம்கூட எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் மனசு கேட்காமல் பஸ் ஏறிப் போனேன். பன்றியின் மடி கல்லாக இறுகி, தொட்டால் கொதித்தது. மூன்று குட்டிகள் சாக்குக்கு அடியில் விறைத்துக் கிடந்தன. அரசு கால்நடை டாக்டரை நானே போய் ஜீப்பில் கூட்டி வந்தேன். மடிநோய், காய்ச்சல் என்று ஊசி போட்டார். சாயங்காலம் வரை நானும் செல்வராணியும் குட்டிகளை மடியில் போட்டுக்கொண்டு பாட்டிலில் பசும்பால் புகட்டினோம். இன்னொன்றும் போனது. ஆறு பிழைத்தன. செல்வராணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"நீங்க அவ்வளவு உறுதியா சொன்னீங்க சார். அதனாலதான் நேத்தே டாக்டர கூப்பிடாம இருந்துட்டேன்."

மீட்டிங்

நடந்ததை ஒன்று விடாமல் எழுதி, பிழைத்த ஆறு குட்டிகளின் படத்தோடு கம்பெனிக்கு அனுப்பினேன். அடுத்த மீட்டிங்கில் அதே படம் திரையில் வந்தது. மேலே 'சேரங்கோட்டில் நம் வெற்றி' என்று கொட்டை எழுத்து. கைதட்டினார்கள். நான் எழுந்து, செத்தவை நான்கு, பிழைத்தவை ஊசியால் பிழைத்தவை என்றேன். கைதட்டல் நின்றது. மேனேஜர் மட்டும் கலங்கவில்லை.

"ஊசி போட்டாங்க, சரிங்க. நம்ம பொடியும் அந்த ஊட்லதானுங்களே இருந்துச்சு?"

இப்போதெல்லாம் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் கால்நடை டாக்டரின் நம்பரைப் பேனாவால் எழுதித்தான் விற்கிறேன். எங்கள் கம்பெனிச் சரக்கில் வேலை செய்யும் பகுதி அது ஒன்றுதான்.